பழைய மடக்குக் கத்தி: புதுப்பிப்பதா, பாதுகாப்பதா?

மாணவன் ஒருவன் பழம்பொருள் சந்தையில் மடக்குக் கத்தி ஒன்றை வாங்கி வந்தான். அலகின் அடியில் ஏதோ எழுத்துகள். படித்துச் சொல்லும்படி கேட்டான். தெளிவாகத் தெரியட்டும் என்று உப்புத்தாள் கொண்டு தேய்த்தோம். துருவோடு எழுத்துகளும் போய்விட்டன! அவன் முகம் வாடியது இன்றும் நம் நினைவில் நிற்கிறது.

பழைய பிரிட்டிஷ் இராணுவக் கத்திகள் பலவற்றில் செய்தவர் பெயர், ஆண்டு, அரசு உடைமையைக் குறிக்கும் அம்புக்குறி ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். கத்திக்கு அவையே பிறப்புப் பத்திரம். ஆகவே, கத்தி கைக்கு வந்ததும் முதலில் மென்துணியால் துடைத்துப் பொறிப்பைத் தேடுவோம்.

கறையெல்லாம் துருவாகிவிடாது. எஃகின்மேல் படிந்த சாம்பல் கலந்த கருமை அலகுக்கு ஓரளவு காப்பு, அதை விட்டுவிடலாம். செந்துருவே இரும்பைத் தின்பது. அவ்விடத்தில் தையல் இயந்திர எண்ணெய் விட்டு, ஊறியபின் துணியால் துடைக்க வேண்டும்.

அடுத்து, கத்தியைக் கவனமாக விரித்துப் பார்ப்போம். அலகு ஆடினாலோ, அதைப் பிடித்து நிறுத்தும் வில் தளர்ந்திருந்தாலோ, வேலை நடுவே மடங்கி விரலை வெட்டிவிடும். அத்தகைய கத்தியைப் பயன்படுத்தலாகாது. உறுதியாக இருந்து, பொறிப்பும் இல்லாத கத்தியானால் சாணைக்கல்லில் தீட்டித் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பாதுகாக்கும் கத்தியைத் தோலுறையில் நெடுநாள் வைக்க வேண்டாம். நம் நாட்டு ஈரக்காற்றில் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

ஐயம் எழுந்தால் பாதுகாப்பதே நன்று. பாதுகாத்ததை நாளையும் புதுப்பிக்கலாம். தேய்த்து அழித்ததைத் திரும்பப் பெற முடியாது.