பால்ஸ் சீலிங்கா, பேஸ்மட்டமா? வடலூர் வீட்டுக்கு விலை ஏற்றுவது எது தெரியுமா?

இன்று சென்ட் கணக்கில் பேரம் நடக்கும் வடலூரில், 1867-ல் வள்ளலாரின் தருமச்சாலைக்காகப் பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலத்தைக் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தார்கள், தெரியுமா? ஏறக்குறைய 106 ஏக்கர்! அந்த மண்ணைச் சுற்றி வளர்ந்த ஊர் இப்போது நகராட்சி. இங்கே கொத்தனாரைக் கூப்பிடும்போதே 'நாளைக்கு வித்தா போட்ட காசு வருமா?' என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

அதற்கு முன்னால், வாங்க வருபவர் யார் என்று தெரிய வேண்டாமா? பக்கத்திலேயே நெய்வேலி! 1956-ல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் குவார்ட்டர்ஸில் வேலைக்காலம் முழுக்க இருந்தவர், ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியாக வேண்டும். அறுபது வயதில் முதல் சொந்த வீடு தேடுபவருக்கு, வளைந்து ஏறும் அலங்கார மாடிப்படி எதற்கு? கீழ்த்தளத்திலேயே பாத்ரூம் ஒட்டிய படுக்கையறை, வழுக்காத தரை, வாசலில் ஒரு சாய்தளம். இந்த மூன்றையும் பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்துவிடும். வள்ளலாரின் சபைக்கு அருகிலேயே குடிவர நினைக்கும் வயதான அன்பர்களுக்கும் இதுதான் வேண்டும்.

அடுத்த ஆச்சரியம், விலை ஏறுவது பல நேரம் தரைக்கு அடியிலும் தலைக்கு மேலும்தான்! 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதைப் பார்த்த கடலூர் மாவட்டத்துக்காரர், வீட்டுக்குள் நுழையும் முன்பே பேஸ்மட்டம் தெருவை விட எவ்வளவு உயரம் என்று கண்ணால் அளந்துவிடுகிறார். பழைய வீட்டின் பேஸ்மட்டத்தை ஏற்றுவது பெரும்பாடு. ஆனால் தெருவில் சாலை உயர்ந்தபோதே வாசலையும் வடிகாலையும் சரிசெய்த வீடு தனியாகத் தெரியும். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் கரை கடந்த தானே புயல், பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. ஷீட் கூரை போட்ட மாடியறையை விட, ஒழுகாமல் தட்டோடு பதித்த மொட்டைமாடிக்கு இங்கே மதிப்பு ஏன் என்று இனி கேட்பீர்களா? பால்ஸ் சீலிங்குக்குக் கொட்டும் பணத்தில் பாதியை மேல்தளத்துக்குக் கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அந்த மேல்தளத்தில் மூன்று கிலோவாட் சோலார் போட்டால் மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது, தெரியுமா? போடும்போது புயல் காற்றுக்குத் தாங்கும்படி சட்டத்தைக் கான்கிரீட்டில் பிணைக்கச் சொல்லுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழகம் முழுக்கக் கட்டாயமாகிவிட்டது. இன்னும் இல்லாத வீடா? உடனே செய்யுங்கள்!

அனுமதி வாங்காமல் எழுப்பிய மாடி, விற்கும் நாளில் இல்லாத மாடி மாதிரி ஆகலாம்! வாங்குபவர் வங்கிக் கடனுக்குப் போனால், மதிப்பீட்டாளர் கையில் இருப்பது அங்கீகரித்த வரைபடம். அதில் இல்லாத அறைக்குக் கடன் கேட்டால் இழுபறிதான். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்து ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இன்னொன்று: சுரங்க விரிவாக்கத்துக்காக நிலம் எடுக்கப்படும் வட்டாரம் இது. நிலம் அதற்குள் வருகிறதா என்று கேட்டறியாமல் ஒரு செங்கல்லும் வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட என்னை மலைக்கவைப்பது ஒரு பழைய பில்! 2015-16-ல் 10 லட்சம் செலவிட்டு மாடி எடுத்து, 2025-26-ல் வீட்டை விற்றால், பணவீக்கக் குறியீடு (2015-16-க்கு 254, 2025-26-க்கு 376) அந்தச் செலவை 14.80 லட்சமாக்கி விற்ற விலையிலிருந்து கழித்துவிடும்! 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடுகளுக்குத்தான் இது. இப்படிக் கழித்து 20 சதவீத வரியா, குறியீடு இல்லாமல் 12.5 சதவீதமா, எது குறைவோ அதைக் கட்டலாம். ஆனால் பில் இல்லையென்றால் செலவை நிரூபிப்பது பெரும் திண்டாட்டம். சிமென்ட், கம்பி, கொத்தனார் கூலி, போர் போட்டது என்று எல்லா ரசீதையும் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். வெள்ளையடித்த பில் மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அது பராமரிப்பு!