பிரபு கையில் இருந்தது சாக்ஸபோன்... ஊதியது யார் தெரியுமா?

சேவுகம்பட்டி பக்கம் ஒரு கல்யாண வீடு. ஸ்பீக்கரில் 'டூயட்' படத்து சாக்ஸபோன் ஓடினால், "பிரபு என்னமா வாசிச்சிருக்காரு!" என்று யாராவது சொல்வதைக் கேட்டிருப்பீங்க. திரையில் வாயசைத்தது பிரபு. 1994-ல் ஏ.ஆர்.ரஹ்மானின் இசைக்காக நிஜமாக ஊதியவர் கத்ரி கோபால்நாத்.

1949-ல் கர்நாடகாவின் தட்சிண கன்னட மாவட்டத்தில் பிறந்தவர். அப்பா நாகஸ்வர வித்வான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டவர், 'இனி இதுதான்' என்று முடிவு செய்தார். பிறகு சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் பாடம்.

ஆனா, அது சுலபமில்லைங்க. சாக்ஸபோனில் சாவிகளை வைத்துத்தான் ஸ்வரங்கள் தனித்தனியாக வரும். நம்ம ராகத்துக்கோ ஸ்வரங்கள் வழுக்கணும், அசையணும். அதுதான் கமகம். மூச்சு, உதடு, விரல் மூன்றையும் பல வருடம் பழக்கி அதை வரவழைத்தார்.

அதே 1994-ல் லண்டன் பிபிசி ப்ராம்ஸ் விழாவில் வாசித்தார். 2008-ல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு 'கின்ஸ்மென்' ஆல்பம். 2004-ல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் மறைந்தார்.

இன்னைக்கு ராத்திரி 'கின்ஸ்மென்' கேளுங்க. இரண்டும் ஆல்ட்டோ சாக்ஸபோன்தான். எது ஜாஸ், எது நம்மூரு என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா பாருங்க. அடுத்த கல்யாணத்தில் 'பிரபு' என்று யாராவது சொன்னால், கத்ரி பேரை நீங்க சொல்லிடுங்க!