பரணில் கிடந்த கணினியை உடனே போட்டுப் பார்க்காதீர்கள்

போகிக்கு முந்தின வாரம்தான் எனக்கு அறுவடைக் காலம். பரணை ஒழிக்கிறவர்கள் போன் செய்வார்கள். “மாமனார் வாங்கின கம்ப்யூட்டர் ஒண்ணு கிடக்கு சார், வேணுமா? இல்லேன்னா காயலான் கடைக்குப் போட்டுடறோம்.” வேண்டாம் என்று இதுவரை சொன்னதில்லை. வீட்டில் ஒரு அறையே நிரம்பிவிட்டது. ஒரு 386, இரண்டு 486, மூன்று பாம் கைக்கணினிகள், ஒரு கேம் பாய், எதனுடையவை என்று எனக்கே மறந்துபோன எட்டு சார்ஜர்கள்.

கொடுக்கிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைப்பேன்: ஓடுகிறதா என்று பிளக்கைச் சொருகிப் பார்த்துவிடாதீர்கள். இருபது, முப்பது வருடம் சும்மா கிடந்த பெட்டிக்குள் நிறைய நடந்திருக்கும். சிப்புகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அவை கெட்டியான உறைக்குள் அடைத்து வைத்தவை. தேய்வதற்கு அவற்றில் அசைகிற பாகம் கிடையாது. கெட்டுப்போவதெல்லாம் சுற்றியிருக்கிற சில்லறைச் சாமான்கள்: பேட்டரி, கெபாசிட்டர், ரப்பர், பசை. இவற்றில் முதல் எதிரி பேட்டரிதான்.

286, 386, 486 காலத்து மதர்போர்டுகளில் கீபோர்டு சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னப் பீப்பாய் போல ஒன்று உட்கார்ந்திருக்கும். நீலமோ பச்சையோ உறை போட்டிருக்கும். அது 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி. கணினியை அணைத்த பிறகும் கடிகாரம் ஓடவும், என்ன ஹார்டு டிஸ்க் மாட்டியிருக்கிறது என்பது போன்ற குறிப்புகள் மறக்காமல் இருக்கவும் அதை வைத்தார்கள். அதற்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடுமையான காரம். வயதானால் மேல்மூடி தளர்ந்து காரம் வெளியே கசியும். சொட்டிவிட்டு நிற்காது, போர்டின் செம்புத் தடங்களைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும். போகிற வழியெல்லாம் செம்பு அரித்துப் பச்சையாகும். பித்தளைக் குடத்தில் களிம்பு ஏறுமே, பார்வைக்கு அதே மாதிரி.

மூடிப்போன ஒரு டிடிபி கடையிலிருந்து என்னிடம் வந்த 386க்கு இதுதான் ஆகியிருந்தது. திரையில் எழுத்து வந்தது, கீபோர்டு மட்டும் செத்திருந்தது. ரிச்சி தெருவில் ஒருவரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “போர்டு போச்சு சார், பார்ட்ஸுக்குத்தான் ஆகும்” என்றார். உண்மையில் போனது தலைமுடி கனத்தில் ஓடிய இரண்டு தடங்கள் மட்டுமே. கீபோர்டு இணைப்பு பேட்டரிக்கு அடுத்த வீடு என்பதால் அது முதலில் பலியாயிற்று. மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு தடமாகப் பார்த்து, அறுந்த இடத்தில் மெல்லிய கம்பியைச் சால்டர் செய்து சேர்த்தேன். மூன்று சாயங்காலம் பிடித்தது.

ஆகவே அப்படி ஒரு பீப்பாயைப் பார்த்தால், கசியவில்லை என்றாலும் கட்டரால் வெட்டி எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் 3 வோல்ட் பட்டன் செல்லை அப்படியே வைக்கக் கூடாது. பழைய பேட்டரி சார்ஜ் ஆகும் ரகம் என்பதால் போர்டு அந்த முனைக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். பட்டன் செல்லோ சார்ஜ் ஏற்றினால் வெடிக்கக்கூடியது. நடுவில் ஒரு டயோடு போட வேண்டும். மின்சாரத்துக்கு அது ஒருவழிப் பாதை. செல்லிலிருந்து போர்டுக்குப் போகும், திரும்பி வராது. பேட்டரியே இல்லாமலும் பல போர்டுகள் ஓடும். ஒவ்வொரு தடவையும் அந்தக் குறிப்புகளை மறந்துவிட்டு, தேதியை 1980 ஜனவரி 1 என்று காட்டும். டாஸ் காலண்டர் தொடங்குவது அந்த நாளில்தான்.

கையடக்கக் கருவிகளில் இதே வேலையைச் செய்வது நாம் போட்டு மறந்த பென்சில் செல். ஆல்கலைன் செல்லுக்குள்ளும் அதே காரம்தான். கசிந்து காற்றுப் பட்டதும் கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாகி, வெள்ளைப் பொடியாக ஸ்பிரிங்கில் பூத்திருக்கும். இதைப் பார்த்ததும் பலர் ஆப்ப சோடாவை எடுக்கிறார்கள். கார் பேட்டரியில் இருப்பது அமிலம், அதற்கு சோடா சரி. காரத்தைக் காரத்தால் முறிக்க முடியாது. இங்கே வேண்டியது புளிப்பு. வெள்ளை வினிகரைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு வைத்தால் லேசாக நுரைக்கும்; பொடி கரைகிறது என்று அர்த்தம். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும், ஆனால் பிசுக்கு நிற்கும். நுரை அடங்கியதும் டிஸ்டில்டு வாட்டரால் துடையுங்கள், இன்வெர்ட்டருக்கு ஊற்ற வாங்குவோமே அதுதான். போர்வெல் தண்ணீர் ஆகாது. அதிலிருக்கும் உப்பு புது அரிப்புக்குப் பிள்ளையார் சுழி போட்டுவிடும். கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஃபேன் காற்றில் ஒரு நாள் காயட்டும். கையுறையும் கண்ணாடியும் அவசியம், பொடியை வாயால் ஊதக் கூடாது. நான் ஊதியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அடுத்தது கெபாசிட்டர். மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைத்து சீராகக் கொடுக்கும் சின்னத் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். உருளையாக நிற்கிற ரகத்துக்குள் ஈரமான திரவம் உண்டு. காய்ந்தாலும் கசிந்தாலும் வேலை போயிற்று. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இதன் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. அதைத் திருப்பிப் போட்டால், ஓட்டு வீட்டுப் பரணில் எத்தனை கோடைகளைக் கடந்தது என்பதும் கணக்கில் வரும். 1999 முதல் சில ஆண்டுகள் உலகம் முழுக்கத் தரமற்ற கெபாசிட்டர்கள் புழங்கியதால், 1990களின் போர்டை விட 2003இன் போர்டு முதலில் சாவது சகஜம். தலைப்பகுதி உப்பியிருந்தால் போடாதீர்கள். பவர் சப்ளை பெட்டியையும் குழாய்த் திரை மானிட்டரையும் பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைக் கேட்கும் அளவு மின்சாரம் அவற்றுக்குள் தங்கியிருக்கலாம்.

கைக்கணினிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கருவி பிழைத்துவிடும், நினைவு போய்விடும்.

1996இல் வந்த பைலட் 1000ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பாம் வரிசையின் முதல் கருவி அது. 16 மெகாஹெர்ட்ஸ் மோட்டோரோலா சிப், 160க்கு 160 புள்ளித் திரை, நினைவகம் வெறும் 128 கிலோபைட். அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, அதில் முகவரி தேடுவது போலவும் குறிப்பு எழுதுவது போலவும் பாவனை செய்து திரிந்தாராம். கட்டையை வைத்துக்கொண்டு அலைந்ததன் பலன், பட்டனை அழுத்திய நொடியில் விழித்துக்கொள்ளும் கருவி. அந்த வேகத்துக்கு விலையும் உண்டு. நீங்கள் எழுதியதெல்லாம் மின்சாரம் இருக்கும் வரை மட்டுமே நிற்கும் நினைவகத்தில் இருந்தது. இரண்டு சின்ன ரிமோட் செல்கள்தான் அதைக் காவல் காத்தன. செல் மாற்ற உள்ளே ஒரு கெபாசிட்டர் சுமார் ஒரு நிமிடம் தாங்கும். அதற்குள் போடாவிட்டால் எல்லாம் வெள்ளைப் பலகை. கருவியைத் தொட்டிலில் வைத்து ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் கணினிக்கும் ஒரு பிரதி போகும்படி செய்திருந்ததன் காரணம் இதுதான். அப்படி அழுத்தச் சோம்பல்பட்டு நான் இழந்தது மூன்று வருட முகவரிப் புத்தகம். குற்றம் முழுக்க என்னுடையது.

புது செல் போட்டதும் ஒன்றுமே நடக்காதது போல, திரையில் புள்ளியைத் தொடு என்று அது கேட்கும். அதன் எழுத்துமுறையில் பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஒவ்வொரு எழுத்தையும் போட வேண்டும். ஆங்கிலத்தின் முதல் எழுத்து நடுக்கோடு இல்லாத கூரை மாதிரி இருக்கும். பத்தொன்பது வருடம் கழித்துத் தொட்டபோதும் கை மறக்கவில்லை. தமிழுக்கு அதில் இடமில்லை.

நினைவை எங்கே வைப்பது என்பதற்குப் பெங்களூரில் வேறொரு யோசனை பிறந்தது. இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் 2004இல் ‘அமிடா’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு, அவரவர் விவரம் அவரவர் அட்டையில் என்பது திட்டம். விற்பனையில் எடுபடவில்லை. ஒன்று கையில் கிடைக்காதா என்று இன்னும் ஏங்குகிறேன்.

கேம் பாய் என் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தது. 1989இல் ஜப்பானில் அறிமுகமான ரகம். நாலு பென்சில் செல் தின்னும். ஓடும் நிலையில்தான் இருக்கிறது. ஆனால் விளையாட்டைப் பாதியில் சேமிக்க விடும் கேசட்டுகளுக்குள் ஒரு பட்டன் செல் ஒளிந்திருக்கிறது. அது தீர்ந்தால் விளையாட்டு ஓடும், சேமித்தது போய்விடும். மாற்றலாம், ஆனால் கழற்றும் நொடியில் பழைய சேமிப்பு அழியும். முதலில் அதைக் கணினிக்குப் படி எடுக்கும் சாதனம் வாங்குங்கள், பிறகு சால்டரிங் அயர்னைத் தொடுங்கள்.

பிளாஸ்டிக் மஞ்சளாவது, ரப்பர் பூச்சு பிசுபிசுப்பது எல்லாம் அழகுப் பிரச்சினைகள். பிசுக்கை ஆல்கஹாலால் துடைத்துவிடலாம், மஞ்சளை அப்படியே விட்டுவிடலாம்.

பிளாப்பியை விட முடியாது, அதற்குள்தானே மனிதர்கள் இருக்கிறார்கள். மூன்றரை அங்குலத் தட்டில் இருப்பது 14,74,560 பைட். சோனி 2011இல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. நம் ஊர் ஈரத்தில் இதற்கு வரும் நோய் பூஞ்சை. தகரக் கதவைத் தள்ளிப் பாருங்கள். பழுப்புத் தட்டில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் டிரைவில் போடாதீர்கள். படிக்கும் முனை கீறும், அடுத்த பிளாப்பிக்கும் தொற்றும். ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியை வைத்து, தட்டை மெதுவாகச் சுற்றித் துடைக்கலாம். பிறகு ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறக்காமல் முழுத் தட்டையும் ஒரே படமாகப் பிரதி எடுங்கள். இன்னொரு வாய்ப்பு கிடைக்காமல் போகலாம்.

தமிழ் ஃபைல் என்றால் இதற்கு மேலும் ஒரு பூட்டு உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் தன் இஷ்டத்துக்கு எண் வைத்துக்கொண்டிருந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடியது. டாம், டாப் குறிமுறைகள் அதையொட்டி வந்தன. டிஸ்கி என்ற இன்னொன்றும் புழக்கத்தில் இருந்தது. எழுத்துரு தெரியாமல் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகள் தலையில் கொம்பு முளைத்து நிற்கும். மாற்றும் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது. இந்தப் பழைய முறைகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதின: ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பின்னால். கொம்பைத் தூக்கிப் பின்னால் வைக்காத நிரல் ஒவ்வொரு வார்த்தையையும் கலைத்துப் போட்டுவிடும்.

போன மாதம் பூஞ்சை துடைத்த ஒரு பிளாப்பியில் இப்படித் திறந்தது 1999இல் நடந்த என் அக்கா கல்யாணத்தின் சாமான் பட்டியல். டைப் அடித்தது நான். வாழையிலை 400, தேங்காய் 350, ஜமுக்காளம் 12. ‘பாத்திரம் வாடகை’ என்பதில் ‘வாடைகை’ என்று அடித்திருக்கிறேன். காபிப்பொடிக்கு எதிரே ‘துபாய் மாமா பொறுப்பு’ என்று இருக்கிறது.