கோடை மடுவில் ஒரு ராட்சத மீன்

காவிரிக்கரை முகாம்களில் தூண்டில் ஓய்ந்துவிட்டது. மீன் பிழைத்ததா?

பிப்ரவரி பிறந்தால் கர்நாடகத்தின் பீமேஸ்வரி காட்டுப் பகுதியில் காவிரி இளைக்கத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் செந்நிறமாகப் பொங்கிய ஆறு பாறைகளுக்கிடையே தெளிந்து, மெலிந்து ஓடும். பெரிய மீன்களுக்கு ஆழமான மடுக்களை விட்டால் ஒதுங்க வேறிடமில்லை. மீன் எங்கே இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடும் பருவம் இது. தூண்டில்காரர்களுக்குக் கொண்டாட்டம் அதனால்தான். மீனுக்கு ஆபத்தும் அதனால்தான்.

பெங்களூரிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் இருக்கும் பீமேஸ்வரி, தொட்டமாகளி, காளிபோரே ஆகிய முகாம்களின் பெயர் ஒரு காலத்தில் லண்டன் வரை பிரபலம். காரணம், மஹசீர். கெண்டை இனத்தின் இந்த ராட்சதன் தூண்டிலில் சிக்கினால் பாறைகளைச் சுற்றிப் பாய்ந்து நரம்பை அறுத்துவிடுவான். காவிரியின் துணை ஆறான கபினியில் 1946இல் பிடிபட்ட ஒரு மஹசீரின் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோ.

கோடை சீஸனில் முகாமின் தினசரி வேலை சூரியனைப் பொறுத்தது. விடியலிலும் அந்தியிலும்தான் தூண்டில். உச்சிவெயிலில் மனிதனுக்கும் ஓய்வு, மீனுக்கும் ஓய்வு. இரை, வேகவைத்துப் பிசைந்த கேழ்வரகு மாவு உருண்டை. மடுவின் போக்கறிந்து பரிசல் ஓட்டும் உள்ளூர்க்காரர்கள்தான் வழிகாட்டிகள். அவர்களில் சிலர் முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். மேலேயுள்ள அணையில் தண்ணீர் திறந்தாலோ, கோடை மழையில் ஆறு கலங்கினாலோ அன்றைய கணக்கெல்லாம் தலைகீழ்.

பிடித்த மீனை எடை போட்டு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது முகாமின் விதி. சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவு. எனவே போராடிக் களைத்த மீனை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்திருந்து, அது தெம்பு பெற்ற பிறகே விடுவார்கள்.

2012இல் இது முடிவுக்கு வந்தது. இப்பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயத்தில் அடங்கியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று விளக்கம் தரப்பட்டது. விளையாட்டுக்காக ஒரு உயிரின் வாயில் முள்ளை மாட்டுவது எப்படிப் பாதுகாப்பாகும் என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் முகாம் விட்டுச் சென்ற பதிவேடுகள் வேறொரு கதை சொல்கின்றன. 1998 முதல் 2012 வரை காளிபோரேயில் 23,620 மணி நேரம் தூண்டில் போட்டதில் 6,161 மஹசீர்கள் சிக்கியிருந்தன. இந்தக் கணக்கை ஆராய்ந்த விஞ்ஞானிகளுக்கு அதிர்ச்சி. மொத்த எண்ணிக்கை ஏறியிருந்தது. ஆனால் காவிரிக்கே உரிய, முதுகில் திமில் கொண்ட ஆரஞ்சுத் துடுப்பு மஹசீர் மட்டும் அருகிக்கொண்டே வந்திருந்தது. பெருகியது நீலத்துடுப்பு மஹசீர். மஹாராஷ்டிரத்தின் லோனாவ்லா பண்ணையில் செயற்கை முறையில் வளர்க்கப்பட்டு, நல்லெண்ணத்துடன் காவிரியில் விடப்பட்ட வெளியூர் மீன் அது. விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டான்.

திமில் மீனுக்கு முறையான அறிவியல் பெயர் உறுதியானதே 2018இல்தான்: டோர் ரேமாதேவி. அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் சர்வதேசப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. நீலகிரியின் அடிவாரத்தில் ஓடும் மோயாறு போன்ற ஒரு சில இடங்களில்தான் இன்று அதற்குப் புகலிடம்.

முகாம் இருந்தவரை இரவும் பகலும் ஆற்றங்கரையில் ஆள் நடமாட்டம் இருந்தது, வெடி வைத்து மீன் பிடிப்பவர்களுக்கு அதுவே காவல் என்பது தூண்டில்காரர்களின் வாதம். அவர்களைத் திரும்ப அழைப்பதா வேண்டாமா என்பது தனி விவாதம். மடுவில் எந்த மீன் எத்தனை என்று கோடைதோறும் கணக்கெடுக்கும் வேலைக்காவது அந்தப் பரிசல்காரர்களை அழைக்கலாம். தூண்டிலோடு சேர்ந்து பதிவேடும் மூடப்பட்டதுதான் திமில் மீனுக்கு நேர்ந்த பெரிய நஷ்டம்.