மனக்கலக்கமும் ஓர் உயிர்ச்சத்தும்

போர்வீரன் மனங்கலங்கினால் போரின் கொடுமையே காரணமென எண்ணுகிறோம். உணவுக் குறையும் உள்ளத்தைக் கலக்கும் என்பதற்குச் சிங்கப்பூரே சான்று. 1942 பிப்ரவரி 15இல் நகர் வீழ்ந்தபின், சிறைப்பட்ட வீரர்க்குத் தீட்டிய அரிசியே பேருணவாயிற்று. தீட்டுங்கால் தவிட்டோடு பி1 உயிர்ச்சத்தும் நீங்கிவிடுகிறது. புழுங்கலரிசியிலோ, நெல்லை அவிக்கையில் அது உள்ளிறங்கித் தங்கும். அது குன்றவே, வீரர் சிலர்க்குப் பசி மறைந்தது, வாந்தி கண்டது, கண்மணி நிலையின்றி ஆடியது, அச்சமும் மறதியும் சூழ்ந்தன. டி வார்டனர், லெனாக்சு எனும் மருத்துவர் இருவர் இத்தகைய 52 நோயாளரைப் பற்றி 1947இல் எழுதினர். அவ்வுயிர்ச்சத்தை ஊசிவழி ஏற்றியபின் பலர் தேறினர்.

ஆயினும், துணைச்சத்து குறைந்ததையே நிரப்பும். ஓய்வுக்கும் ஆறுதலுக்கும் ஈடாகாது. ஆசிரியராகிய நாமும், வகுப்பில் சோர்ந்திருக்கும் பிள்ளையை மந்தனெனக் கடியுமுன், “காலையில் என்ன உண்டாய்?” என்று கேட்போமாக.