சின்னக் கப்பல், அமைதியான துறைமுகம், நல்ல சாப்பாடு: க்ரூஸ் புக் பண்றதுக்கு முன்னாடி என்னவெல்லாம் கேட்கணும்?

“ஒரு தடவையாச்சும் கப்பல்ல ஏறிப் பார்க்கணும் கண்ணு.”

மாரமங்கலத்தில், காபிக் கொட்டை காயப் போட்டிருந்த களத்தில் உட்கார்ந்து அம்மா இதைச் சொன்னபோது முதலில் சிரித்துவிட்டேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏற்காடு டவுனையும் தாண்டிப் போனால்தான் எங்கள் ஊர். கடலே பார்க்காமல் வருஷக்கணக்கில் இருந்துவிடலாம். ஆனால் அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்கு 60 வயது ஆகப்போகிறது. அக்காவும் நானும் பணம் போட்டு அனுப்பிவைப்பது என்று முடிவு செய்தோம்.

அம்மா போட்ட கண்டிஷன் மூன்று. கூட்டம் ஆகாது. சாப்பாடு வாய்க்கு விளங்கணும். முட்டி வலி இருப்பதால் ஏறி இறங்கக் கஷ்டம் இருக்கக் கூடாது. இந்த மூன்றையும் வைத்துத் தேட ஆரம்பித்தபோதுதான், க்ரூஸ் விளம்பரங்கள் சொல்லாமல் விடும் விஷயங்கள் நிறைய என்று புரிந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிளான் ஓடிக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள்.

சின்னக் கப்பல் என்றால் எவ்வளவு சின்னது?

2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் அதிகபட்சம் 7,600 பயணிகள் போகலாம். 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கிய கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பலில் சுமார் 1,800 பேர். 2023 ஜனவரி 13 அன்று வாரணாசியிலிருந்து கிளம்பிய ‘கங்கா விலாஸ்’ நதிக் கப்பலில் வெறும் 36 பேர்.

சட்டப்படியான வரையறை எதுவும் இல்லை. பயணத் துறையில் சில நூறு பயணிகளுக்குள் இருந்தால் சின்னக் கப்பல் என்கிறார்கள். ஆனால் தலை எண்ணிக்கை மட்டும் போதாது. கப்பலின் ‘கிராஸ் டன்னேஜ்’ அளவைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். கிராஸ் டன்னேஜ் என்பது எடை அல்ல, கப்பலுக்குள் இருக்கும் இடத்தின் அளவு. ஐகானின் 2,48,663 டன்னேஜை 7,600-ஆல் வகுத்தால் 33-க்குப் பக்கத்தில் வரும். எம்ப்ரஸின் சுமார் 48,500-ஐ 1,800-ஆல் வகுத்தால் 27. அதாவது, இரண்டும் நிரம்பி வழியும் நாளில், ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள எம்ப்ரஸில்தான் ஆளுக்குக் கிடைக்கும் இடம் குறைவு. “சின்னது” என்ற வார்த்தையை மட்டும் நம்பிவிட முடியாது.

‘அமைதியான துறைமுகம்’ யாருக்கு அமைதி?

மே மாதம் கோடை விழா நேரத்தில் ஏற்காடு ஏரிப் பக்கம் போனவர்களுக்கு இது டக்கென்று புரியும். ஒரே நேரத்தில் நூறு வண்டி வந்து நின்றால், ஏரியும் தெரியாது, ஊரும் தெரியாது. முன்னால் போகிறவர் முதுகுதான் தெரியும். மாரமங்கலத்துக்கு அந்தக் கூட்டம் வருவதில்லை. அதனால்தான் அங்கே மிளகுக் கொடியை நின்று பார்க்க முடிகிறது.

துறைமுகங்களிலும் இதே கதைதான். குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகரம், நாளுக்கு இரண்டு க்ரூஸ் கப்பல், ஒரே நேரத்தில் 4,000 பயணிகள் என்று 2019-இல் வரம்பு வைத்தது. வெனிஸ் நகரின் மையக் கால்வாய் வழியாக 25,000 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்கள் போக 2021 ஆகஸ்ட் 1 முதல் தடை. பெரிய கப்பலுக்கு ஆழமான துறைமுகம் வேண்டும். சின்னக் கப்பல் ஆழம் குறைந்த இடத்துக்கும் போகும். அமைதியான ஊர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கின்றன.

நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2023 ஜூனில் எம்ப்ரஸ் கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போனது. இறங்கிய இடத்தில் தமிழ் பேசலாம், யாழ்ப்பாணச் சாப்பாடு சாப்பிடலாம் என்பது கொழும்பு ஷாப்பிங்கைவிட வேற லெவல் அனுபவம். ஆனால் அட்டவணையில் ஊர் பெயர் இருப்பதாலேயே இறங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2022-இல் இதே கப்பலின் பயணத் திட்டத்தில் புதுச்சேரியும் இருந்தது. அரசு அனுமதி கிடைக்காமல், அங்கே பயணிகளை இறக்க முடியவில்லை. “ஒரு துறைமுகம் ரத்தானால் என்ன தருவீர்கள்?” என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இறங்குவது எப்படி? நாங்கள் கோட்டைவிட இருந்த கேள்வி

லட்சத்தீவு ‘சமுத்ரம்’ பேக்கேஜைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. கொச்சியிலிருந்து ‘எம்.வி. கவரத்தி’ கப்பல். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்று தீவுகள். பகலில் தீவு, இரவில் கப்பல். கூட்டமில்லாத கடற்கரை, பட்ஜெட்டும் ஓகே. தீவுக்குள் போக நுழைவு அனுமதி மட்டும் வாங்க வேண்டும். பணம் கட்ட போனை எடுத்துவிட்டேன்.

அப்போது அம்மா கேட்டார்: “கப்பல்ல இருந்து எறங்க படி இருக்குமா?”

விசாரித்தால், கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போடும். அங்கிருந்து சின்ன படகுக்கு மாறித்தான் தீவுக்குப் போக வேண்டும். அலையில் ஆடும் படகுக்குள் கால் வைத்து இறங்கணும். அதுவும் ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தீவிலும் போக வர. இளைஞர்களுக்கு அது செம த்ரில். முட்டி தேய்ந்தவருக்கு அது பயம். நான் பத்து நாளாகத் தேடியும் எனக்குத் தோன்றாத கேள்வி அது.

ஆகவே, எந்தக் கப்பலாக இருந்தாலும் எந்தெந்த ஊரில் நேரடியாகக் கரையில் நிற்கும், எங்கெல்லாம் படகு மாற வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். லிஃப்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சின்னக் கப்பல்கள் சிலவற்றில் இருக்காது. இன்னொன்று, அதே அலையில் பெரிய கப்பலைவிடச் சின்னக் கப்பல் அதிகம் ஆடும். பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு ஏறும்போதே தலை சுற்றுகிறவர் என்றால், டாக்டரிடம் மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டு, பருவமழைக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

சாப்பாடு: போட்டோவை நம்பாதீங்க

பெரிய கப்பலில் பல உணவகங்கள் இருக்கும். சிலவற்றுக்குத் தனிக் கட்டணம். சின்னக் கப்பலில் பெரும்பாலும் ஒரே சமையலறைதான். ஆள் குறைவு என்பதால் உங்கள் தட்டைக் கவனிக்க முடியும். சமையல்காரர் ஊர் சந்தையில் மீனோ காயோ வாங்கிச் சமைக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் பிடிக்கவில்லை என்றால் மாற்று இடம் கிடையாது.

கேட்க வேண்டியவை நான்கு. முந்தைய பயணத்தின் மெனு ஒன்றை அனுப்புவார்களா? சைவம், சர்க்கரை, உப்பு குறைவு என்றால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்? சாப்பாட்டு நேரம் நம் விருப்பமா, அவர்கள் சொல்வதா? “எல்லாம் அடக்கம்” என்பதில் குடிநீர் பாட்டில், காபி, டிப்ஸ், துறைமுகக் கட்டணம் வருகிறதா?

பர்ஸ் கணக்கு

விளம்பர விலை பெரும்பாலும் ‘இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு’ என்று இருக்கும். தனியாகப் போனால் கூடுதலாகக் கேட்பார்கள். வெளிநாட்டு பேக்கேஜ் என்றால் டி.சி.எஸ் வரியும் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், எனவே ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கடல் நடுவிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் பெற்றோரை அனுப்ப வேண்டாம்.

கடைசியில் என்ன முடிவு செய்தோம்?

அலை இல்லாத தண்ணீர்தான் அம்மாவுக்குச் சரி என்று புரிந்தது. கங்கா விலாஸ் எங்கள் பட்ஜெட்டில் இல்லை. ஆலப்புழையில் இரண்டு அறை கொண்ட கெட்டுவள்ளம் ஒன்றைப் பேசினோம். சேலத்திலிருந்து நேரடி ரயில் இருக்கிறது. வள்ளம் கரையோடு ஒட்டி நிற்கும், பலகை போட்டு ஏறலாம். படகிலேயே சமையல். மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் என்பதால் பொழுது சாய்ந்தால் வள்ளம் ஓடாது, ஒரு கரையில் கட்டிவிடுவார்கள். ராத்திரி சத்தமே இருக்காது.

“இது கப்பலா?” என்று அம்மா கேட்டார். “சின்னக் கப்பல்” என்றேன். “சரி, பலகை எவ்வளவு அகலம்னு கேட்டுச் சொல்லு” என்றார். போன் போட்டுக் கேட்டேன். அதன் பிறகுதான் அட்வான்ஸ் கட்டினோம்.