உங்களுக்குத் தெரியுமா? போர்முனைக்குப் போன டாக்சிகள்

முதல் உலகப் போர் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 1914 செப்டம்பர் தொடக்கத்தில் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கிவிட்டது. பிரெஞ்சு அரசு போர்தோ நகருக்கு இடம் மாறியது. பாரிஸைக் காக்கும் பொறுப்பு தளபதி கலியெனியிடம் வந்தது.

மார்ன் ஆற்றை ஒட்டிய போர் மூண்டபோது, வீரர்களை அவசரமாக அனுப்ப ரயில் மட்டும் போதவில்லை. நகரத்து டாக்சிகளைத் திரட்டச் சொன்னார் கலியெனி. பெரும்பாலும் சிறிய ரெனோ வண்டிகள், சுமார் 600. பின்னால் நான்கு பேர், ஓட்டுநர் பக்கத்தில் ஒருவர். மடியில் மூட்டை, கையில் துப்பாக்கி. முன்விளக்கை அணைத்து, முன்னே போகும் வண்டியின் பின்விளக்கைப் பார்த்தபடியே இரவெல்லாம் ஓட்டினார்கள். மீட்டரும் ஓடிக்கொண்டுதான் இருந்தது! அரசு மொத்தம் 70,012 பிராங்க் வாடகை கொடுத்தது.

அப்படிப் போனவர்கள் சில ஆயிரம் பேர்தான். லட்சக்கணக்கானோர் மோதிய போரை டாக்சிகள் வென்று தந்தன என்பது மிகை. ஆனால் பயந்து கிடந்த ஊருக்கு அந்த வரிசை எவ்வளவு தெம்பூட்டியிருக்கும்! செப்டம்பர் 9 முதல் ஜெர்மன் படை பின்வாங்கியது. மார்ன் டாக்சி ஒன்றை இன்றும் பாரிஸ் ராணுவ அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.